ஒலிநாடாவில் ஓர் இஸ்திரிச் சத்தம்

மழைக்காலத்தில் அந்த வீட்டுக்குள் நிமிர்ந்து நடக்க முடியாது. முன்னறை, கூடம், படுக்கையறை, சமையலறை வாசல் வரைக்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். யாரையாவது தேடிப் போனால் துணியை விலக்கி விலக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாதி வழியில் ஈரம் முகத்தில் அப்பிக்கொள்ளும். சோப்பும் பினாயிலும் கலந்த ஒரு வாடை அந்த வீட்டுச் சோற்றிலும் இருக்கும், டீயிலும் இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது. எங்காவது விருந்துக்குப் போய் வாடை இல்லாத டீயைக் குடித்தால் எதையோ போட மறந்துவிட்டார்கள் என்று தோன்றும்.

நான் மாடியில் குடியிருப்பவள். தையல் தொழில். கீழே லாண்டரி. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற மூட்டைகளில் கிழிந்த விரிப்பும் நாடா அறுந்த நோயாளி அங்கியும் மேலே என்னிடம் வந்துவிடும். தைத்து முடித்ததும் நானே கொண்டு இறங்குவேன். இறங்கினால் சும்மா திரும்பி வருவேனா? எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். காதும் நீளம்தான், அதை யாரும் சொல்வதில்லை.

லாண்டரிக்காரர் என் வாய்க்கு நேர் எதிர். காலையில் ஒரு ‘ம்’, சாயங்காலம் ஒரு ‘ம்’. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நான் அவர் முகத்துக்கு நேராகவே கேலி செய்திருக்கிறேன். அதற்கும் ஒரு ‘ம்’. மனிதரின் பேச்செல்லாம் இஸ்திரிப் பெட்டியில்தான். நீளமான மேசை, மேலே பழைய கம்பளி, அதன்மேல் வெள்ளைத் துணி. பெட்டியைத் தூக்கி வைத்தால் டொக். பிறகு ஒரு நீண்ட இழுப்பு. மாடியில் என் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் போதும், அவர் விரிப்பில் இருக்கிறாரா, டாக்டர் கோட்டின் காலரில் இருக்கிறாரா என்று சொல்லிவிடுவேன். வேலை நேரத்தில் அந்தச் சத்தம் நின்று நான் கேட்டதில்லை.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். வயதில் மூத்தவள், குணத்தில் என் கூட்டாளி. மூட்டை பிரிப்பதும் ஊறவைப்பதும் அக்கா பொறுப்பு. ரத்தக்கறை பட்டதைத் தனியாக எடுத்துப் பச்சைத்தண்ணீரில்தான் போடுவாள். வெந்நீர் பட்டால் கறை துணியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் யார் வந்தாலும் போகாது. பிரசவ வார்டு மூட்டையை மட்டும் அவள் மற்ற மூட்டைகளைப் போல உதறிக் கொட்ட மாட்டாள். மெதுவாக அவிழ்த்து, ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் போடுவாள். ஊசியோ கத்திரியோ கிடக்குமென்று பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இவர்களுக்கு ஒரே பெண். கல்யாணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்தவள். நர்ஸிங் படிக்கிறாள். என்னைவிட வாயாடி. ஒரே பிள்ளையாக இருந்தும் வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியவள் எங்கே என்று நான் ஒருதரம் விளையாட்டாகக் கேட்டேன். அவ அப்பா அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சாரு, ஒட்டிக்கிச்சு என்று சொல்லிவிட்டு அக்கா தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

அந்த வருஷம் மழை விடாப்பிடியாகப் பெய்தது. ஒரு சாயங்காலம் சின்னவள் தொப்பலாக நனைந்து வந்தாள். பையை ஒரு மூலையில் எறிந்தாள். இரண்டு ரொட்டிக்கு நடுவில் அவித்த முட்டையை நசுக்கி வைத்து நின்றபடியே தின்னத் தொடங்கினாள். அப்பா ஆஸ்பத்திரிக்கு மூட்டை கொண்டு போயிருந்தார். அக்கா அவர் இடத்தில் நின்று டாக்டர் கோட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அங்கிக்கு நாடா தைத்துக்கொண்டிருந்தேன்.

செய்முறைத் தேர்வு வருகிறது, அதில் தனக்கு ஒரு கேள்வி முறை விழுந்திருக்கிறது, நோயாளியிடம் பேசிக் காட்ட வேண்டும் என்றாள் சின்னவள். அந்தக் கேள்விக்கு ஒரு பெண்ணின் பெயர் உண்டாம். பெயரைச் சொன்னாள்.

அதை இங்கே நான் எழுதப்போவதில்லை. அது அந்த வீட்டுப் பெயர். அழகான, சின்னப் பெயர் என்று மட்டும் சொல்கிறேன்.

தீய்ந்த நாற்றம் வந்த பிறகுதான் நான் தலையைத் தூக்கினேன். அக்கா பெட்டியை அழுத்திப் பிடித்தபடி அப்படியே நிற்கிறாள். கோட்டுப் பையிலிருந்து புகை வருகிறது. நான் கத்திக்கொண்டே ஓடிப்போய் அவள் கையைத் தட்டிவிட்டேன். பெட்டி சாய்ந்தது. கோட்டில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்திருந்தது. அந்த வீட்டில் துணி கருகி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்கா என்னையும் பார்க்கவில்லை, கோட்டையும் பார்க்கவில்லை. மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலை சுற்றல் என்று சொல்லிச் சமாளித்தாள். சின்னவள் அம்மாவை உட்காரவைத்து, நாடி பிடித்துப் பார்த்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து என்னிடம் பாடத்தைத் தொடர்ந்தாள். முன்காலத்தில் குழந்தை இறந்து பிறந்தால் தாய்க்குக் காட்டாமலே எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். பார்த்தால் பித்துப் பிடிக்கும், பார்க்காவிட்டால் மறந்துபோகும் என்பது அன்றைய வைத்தியம். ஓர் ஆய்வாளர் அம்மா அப்படிக் குழந்தையை இழந்தவர்களைத் தேடித் தேடிப் போய்ப் பேசி ஒரு கட்டுரை எழுதினார். அதை மற்றவர்கள் எடுத்துக்காட்டி எழுத, அவர்களை வைத்து இன்னும் பலர் எழுத, நாடு நாடாகப் போய்விட்டது. இப்போது வார்டில் கட்டாயம் கேட்க வேண்டும். குழந்தையைப் பார்க்கிறீர்களா, கையில் வாங்கிக்கொள்கிறீர்களா, பெயர் ஏதாவது வைத்திருந்தீர்களா. கட்டுரையில் வந்த ஒரு பெண்ணின் பெயரே அந்தக் கேள்விக்குப் பெயராகிவிட்டது.

“அது நிஜப் பேர் இல்ல அத்தை. ஆராய்ச்சியில நிஜப் பேர் போட மாட்டாங்க. பேசறவங்களையே ஒரு பேர் சொல்லச் சொல்வாங்களாம். அந்தம்மா அதைச் சொல்லியிருக்காங்க,” என்றாள். ரொட்டியை மென்றுகொண்டே மேலும் சொன்னாள். “பாவம். அந்தம்மாவோட புருஷன் சரியான கல்நெஞ்சுக்காரன். குழந்தையை எட்டிக்கூடப் பார்க்கலையாம். அதைப் பத்தித் தனியா ஒரு பகுதியே இருக்கு.”

அக்கா எழுந்து விரிப்புகளுக்கு நடுவே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. சின்னவள் சத்தம் போட்டுப் படிக்கிற ரகம். பல் துலக்கும்போதும் அந்தப் பெயர், தலை வாரும்போதும் அந்தப் பெயர். தொங்குகிற துணிகளுக்கு நடுவே அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது. அக்கா திடுக்கிட்டுத் திடுக்கிட்டுத் திரும்புவாள். கூடத்தில் நடக்கும்போது ஒவ்வொரு விரிப்பையும் ஓரத்தில் பிடித்து மெதுவாக விலக்குவாள், பின்னால் யாரோ ஒளிந்து நிற்பது போல. சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். உடம்பு பாதியாக இளைத்துவிட்டது.

எனக்கு ஆத்திரமெல்லாம் அந்த மனிதர் மேல்தான். மகள் வாயைத் திறந்து பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தால் போதும், வேலை நேரத்தில் பெட்டியைக் கீழே வைக்காத மனிதர் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். பெண்டாட்டி இளைப்பதும் கண்ணில் படவில்லை, பிள்ளை படிப்பதும் காதில் விழவில்லை, மரக்கட்டை, மரக்கட்டை என்று மனசுக்குள் திட்டினேன்.

ஒரு மத்தியானம் அக்கா மாடிக்கு வந்தாள். அவள் மாடி ஏறுவதே அபூர்வம். துணி வெட்டும் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, நான் போட்டுவைத்திருந்த வெட்டுத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். நான் மெஷினை நிறுத்தினேன்.

“கீழ யாரோ நடக்கிற மாதிரி உனக்குத் தெரியலையா?” என்று கேட்டாள்.

மழைச்சத்தம் என்றேன்.

“மழை இல்ல. அவதான்,” என்றாள். “சின்னவ வாயில வர்ற பேர் இருக்கே, அது நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னது இல்ல. எம் பொண்ணுக்கு வெச்ச பேரு.”

நான் மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அழாமல், மூட்டை விவரம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனாள்.

நான் இந்த வீட்டுக்குக் குடிவருவதற்கு முன்பு நடந்தது. முதல் பிரசவம். மாதம் முழுதும் நிறைந்து, வலி வந்து, பிறந்த பிள்ளை அழவில்லை. பெண் என்று யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. ஒரு விரிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். விரிப்பின் ஓரம் கதவிடுக்கில் மறைவதைத்தான் பார்த்தாள். இவர் வந்து கட்டிலருகே ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. பெயரை வயிற்றில் இருக்கும்போதே முடிவு செய்து வைத்திருந்தாள். பிறந்ததும் இவர் காதில் சொல்லலாம் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெயர்.

கொஞ்ச நாள் கழித்து ஓர் இளம்பெண் ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். அதுதான் அந்த ஆய்வாளர். உங்கள் பெயரைப் போட மாட்டேன், நீங்களே ஒரு பெயர் சொல்லுங்கள் என்றாள். “யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லிட்டா போதும்னு இருந்துச்சு. சொல்லிட்டேன். அந்தப் பெட்டிக்குள்ளயே இருக்கும்னு நினைச்சேன். இப்படி ஊர் ஊரா நடந்து கடைசியில எம் பொண்ணு வாய் வழியாவே வீட்டுக்கு வரும்னு யாரு கண்டா,” என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

அவள் பயம் பேரைப் பற்றி இல்லை. பேரைக் கேட்க அவளுக்கு உள்ளூர ஆசையாகத்தான் இருந்ததாம். சின்னவள் சொல்லும்போதெல்லாம் இன்னொரு தரம் சொல்ல மாட்டாளா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம். பயமெல்லாம் அந்தக் கல்நெஞ்சுக்காரனைப் பற்றி. அவர் பார்க்கவே இல்லை என்று ஆற்றாமையில் சொன்னது பாடமாகிவிட்டது. பெற்ற மகளே படித்துவிட்டுத் தூ என்கிறாள். நாளைக்கு அது தன் அப்பன்தான் என்று தெரிந்தால்? இவருக்குத் தெரிந்தால்? இத்தனை வருஷம் ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனிதரை உலகமெல்லாம் கூட்டிப் போய்த் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று சொன்னபோதுதான் அக்காவுக்குக் குரல் உடைந்தது.

அந்த ஆய்வாளர் அம்மாவைப் பார்த்தே ஆக வேண்டும், அந்தப் பகுதியை எடுக்கச் சொல்ல வேண்டும் என்றாள். அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது எனக்கு ஒன்றும் பெரிய வேலை இல்லை. மூக்கை நுழைக்கிற கலையில் நான் தேர்ந்தவள். அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டுப் பேசினேன். ஓய்வுபெற்று அதே ஊரில்தான் இருந்தார். பழைய ஆய்வு விஷயம், அந்தப் பெயருக்குரியவர் பார்க்க விரும்புகிறார் என்று சொன்னேன். உடனே வாருங்கள் என்றார்.

தையல் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம்.

நரைத்த தலையும் குட்டை முடியுமாகக் கதவைத் திறந்த அந்த அம்மாள் அக்காவை ஒரு கணம் பார்த்தார். “நீங்கதான்,” என்றார். அறை முழுக்கப் புத்தகமும் சஞ்சிகையும். எங்களுக்கு உட்கார இடம் கொடுக்கவே நாற்காலிகளிலிருந்து கட்டுக் கட்டாக எடுத்துக் கீழே வைக்க வேண்டியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளில் எல்லாம் இருந்தன. ஒன்றைப் பிரித்து ஓர் இடத்தில் விரல் வைத்துக் காட்டினார், இன்னொன்றைப் பிரித்தார், அங்கும் விரல் வைத்தார். இது எல்லாம் உங்கள் பெயர் என்றார். தான் போன ஆஸ்பத்திரிகளைப் பற்றிச் சொன்னார். பனி கொட்டுகிற ஓர் ஊரில், நம் பாஷை தெரியாத ஒரு நர்ஸ், அழுகிற ஒரு தாயிடம் குனிந்து மூன்று வாக்கியம் கேட்டாளாம். அந்த மூன்றும், என்னிடம் யாராவது கேட்டிருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நீங்கள் ஏங்கிச் சொன்னவை என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. இருக்க வேண்டியதுதானே.

“அது எம் பேர் இல்லம்மா. என் குழந்தை பேரு,” என்றாள் அக்கா.

ஆய்வாளர் கையிலிருந்த சஞ்சிகையை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அதன் அட்டையைத் தடவினார். எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மேடையில் அந்தப் பெயரைச் சொல்கிறபோதெல்லாம் பின்வரிசையில் யாரோ எழுந்து நிற்பது போலத் தோன்றும், பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள், வயசாகிறது என்று நினைத்துக்கொள்வேன் என்றார். அக்கா அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை.

அக்கா வந்த காரியத்தைச் சொன்னாள். பெயர் இருக்கட்டும், வீட்டுக்காரரைப் பற்றியதை எடுத்துவிடுங்கள். ஆய்வாளர் முடியாது என்று தலையை ஆட்டினார். அது என் கையில் இல்லை, ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், நான் நில் என்றால் நிற்காது என்றார். பிறகு அவராகவே சொன்னார். “நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அப்ப எங்க வேலை முறை அப்படி. புருஷன் பக்கத்துல இருந்தா பொம்பளைங்க வாயைத் திறக்க மாட்டாங்க, அதனால ஆம்பளைங்களை ஒதுக்கிடுவோம். அவரு பக்கத்து அறையில துணி தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. அவருக்குக் கேட்காதுன்னு நினைச்சேன்.”

“தேய்ச்சுக்கிட்டு இருந்தாரா? வெளியில போயிருந்தாருன்னு இல்ல நினைச்சேன்,” என்றாள் அக்கா.

ஒலிநாடாவில் அந்தச் சத்தம் இருக்கிறது என்றார் ஆய்வாளர். நாடாவையெல்லாம் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். கேட்கிறீர்களா என்றார். அக்கா சரி என்றாள்.

முதலில் இரைச்சல். பிறகு டொக், ஒரு நீண்ட இழுப்பு. அதே கை. விரிப்பில் இருக்கிறார். ஓர் இளங்குரல், என்ன பெயர் போட்டுக்கொள்ளலாம் என்று கேட்கிறது. இன்னோர் இளங்குரல் அந்தப் பெயரைச் சொல்கிறது. அக்காவின் குரல்தான், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கும் அதற்கும் ஒட்டே இல்லை. டொக், இழுப்பு. பேச்சு போகிறது, வலியைப் பற்றி, கதவைப் பற்றி. பின்னால் சீராக டொக், இழுப்பு. அப்புறம் அந்தக் குரல் சொன்னது: “அவரு பார்க்கவே இல்லைங்க. பெத்த அப்பன், ஒரு எட்டுப் போய்ப் பார்க்கலை.”

இஸ்திரி நின்றுவிட்டது.

குரல் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனது. கொஞ்சம் கழித்துக் கதவு ஒன்று கிறீச்சிட்டது. அது லாண்டரியின் பின்கதவு, இன்றைக்கும் அப்படித்தான் கிறீச்சிடும். அதற்கப்புறம் பின்னால் வெறும் அமைதி. அந்த அமைதியில் குரல் சொன்னது: “எம் பொண்ணு எப்படி இருந்தான்னு யாராவது சொன்னாப் போதும். வேற எதுவும் வேணாம். மூக்கு எப்படி, முடி இருந்துச்சா, அது தெரிஞ்சாப் போதும்.”

ஆய்வாளர் நிறுத்தினார். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அந்தச் சத்தத்தை இடைஞ்சல் என்றுதான் நினைத்தேன், எழுத்தில் பெயர்த்தபோது அது வரவில்லை என்றார். வாசல்வரை வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. அக்கா அதை மூடவில்லை. பாதி வழியில் சொன்னாள்.

“அவருக்குப் பேரும் தெரியும். நான் சொன்னதும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே இத்தனை வருஷம் எங்கூட உக்காந்து சாப்பிட்டிருக்காரு.”

போய்க் கேட்டுவிடு என்றேன். எந்த வாயால் கேட்பது என்றாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். மறுநாள் தேர்வு. சின்னவள் கால் நிலைகொள்ளாமல் கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். நோயாளியாக உட்கார ஆள் வேண்டும். முன்பு ஒரு தடவை நான் உட்கார்ந்து, அவள் முகத்தை வைத்துக்கொண்ட தினுசைப் பார்த்துச் சிரித்துக் காரியத்தைக் கெடுத்திருக்கிறேன். அதனால் என்னைத் தள்ளிவிட்டாள். அம்மாவைப் பார்த்தாள். அக்கா உருளைக்கிழங்குக் கூடையை எடுத்துக்கொண்டு விரிப்புகளுக்கு அந்தப் பக்கம் சமையலறை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பா மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“அப்பா, இன்னிக்கு எங்கயும் போகக் கூடாது,” என்று சின்னவள் மூட்டையைப் பிடித்து இழுத்தாள். கீழே விழுந்த மூட்டைமேலேயே அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். அவர் கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, போட்டோ எடுக்க உட்கார்ந்தவர் போல உட்கார்ந்தார். நான் நாடா தைக்க ஓர் அங்கியை எடுத்துக்கொண்டேன். மேலே போயிருக்கலாம். போகவில்லை.

சின்னவள் அவர் முன்னால் மண்டியிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். விளையாட்டுப் பெண்ணுக்கு எங்கிருந்துதான் அந்தக் கனிவு வந்ததோ, அசல் நர்ஸாகவே மாறிவிட்டாள்.

“உங்க குழந்தையை நீங்க பார்க்கணும்னு விரும்புறீங்களா?”

அவர் முழங்கால்மேல் இருந்த தன் கையைப் பார்த்தார்.

“வேண்டாம்னு சொல்லுங்கப்பா. புத்தகத்துல அந்தாளு அப்படித்தான். அப்பதான் நான் அடுத்ததுக்குப் போக முடியும்.”

“பார்த்தேன்,” என்றார்.

“பார்த்தேன் இல்லப்பா, பார்க்கலை...”

“பார்த்தேம்மா. அறைக்கு வெளிய வாங்கித் தூக்கிக்கிட்டுப் போனதே நான்தான்.”

சின்னவள் சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. என்ன கேட்பது என்று தெரியாமல் விழித்தவளின் வாய், நாள் முழுக்க உருப்போட்டதில் கடைசிக் கேள்வியைத் தானாகவே கேட்டுவிட்டது.

“குழந்தைக்குப் பேர் ஏதாவது வெச்சிருந்தீங்களா?”

“உங்க பாடத்துக்கு வெச்சிருக்கீங்களே,” என்றார், “அதுதான்.”

அந்தப் பக்கம் ஒரு கிழங்கு தரையில் விழுந்து உருண்டது. சின்னவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். அவள் கெட்டிக்காரி, யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மண்டியிட்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

விரிப்பு விலகியது. அக்கா ஒரு கையில் அதைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கப்போகிறாள், இத்தனை வருஷத்தையும் சேர்த்துக் கொட்டப்போகிறாள் என்று நான் பயந்தேன். நானென்றால் கொட்டியிருப்பேன்.

“எப்படி இருந்தா?” என்று கேட்டாள்.

அவர் தலை நிமிராமல் ஆரம்பித்தார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் பேசிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் அன்றைக்குப் பேசிய அளவு வராது. முடி நிறைய இருந்ததாம். ஈரத்தில் நெற்றியில் ஒட்டிக்கிடந்ததாம், அதை ஒதுக்கிவிட்டாராம். கனம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, நனைத்துப் பிழிந்த ஒரு துண்டின் கனம். மூக்கு அக்காவின் மூக்கு. கை நீட்டிச் சின்னவளின் காதைத் தொட்டார். மடலின் மேல்பக்கம் லேசாக மடிந்திருக்கும் அவளுக்கு.

“இதே காது,” என்றார். “இவ பொறந்தப்ப மொதல்ல இதைத்தான் பார்த்தேன்.”

பிறகு மனைவி பக்கம் திரும்பினார். “பெரிய டாக்டர் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. பார்க்கலைன்னு சொல்லு, அவ சீக்கிரம் மறந்துடுவான்னாரு. நீ கேட்டப்ப இல்லைன்னு தலையாட்டிட்டேன். அப்புறம் அந்தம்மா வந்தப்ப நீ பேர் சொன்னதுமே அது யார் பேருன்னு புரிஞ்சுது. நான் பார்க்கலைன்னு நீ சொன்னதும் காதுல விழுந்துச்சு. அதுக்கு மேல எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வந்து சொல்றது. வெளிய போயிட்டேன்.”

“இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கலாம்,” என்றாள் அக்கா. அவள் சொன்னது அவருக்குப் புரிந்திருக்காது. நாடாவின் மிச்சத்தைக் கேட்டவர்கள் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

சின்னவள் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. மகளின் காதை விரலால் தடவிக்கொண்டே மூட்டையில் அவர் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே மழை வலுத்தது. நான் தைக்காத அங்கியை மடித்து வைத்தேன்.

“மறுபடி சொல்லுங்க,” என்றாள் அக்கா.

“எதை?”

“எல்லாத்தையும். முடியிலேர்ந்து.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முடியிலிருந்து ஆரம்பித்தார்.